ஏனுங்க, சித்த வழி விடுங்க: கூட்டத்தில் அடுத்தவரை இடிக்காமல் இருப்பது எப்படி

காலை எட்டரை மணிக்குக் கோயமுத்தூர் உக்கடத்தில் இருந்து காந்திபுரம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டு, மேலே யாரும் படக்கூடாது என்று எதிர்பார்க்க முடியாது. எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியல் அறிஞர் 1960களில் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். ஒன்றரை அடிக்குள் வர நெருங்கிய சொந்தத்துக்குத்தான் உரிமை, முன்பின் தெரியாதவர்கள் நாலடிக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். அவர் ஊர்க்காரர்களைப் பார்த்துப் போட்ட கணக்கு அது, ஊருக்கு ஊர் மாறும் என்று அவரே சொல்லியும் விட்டார். நம் டவுன் பஸ்ஸில் அந்த நாலடிக்குள் எட்டுப் பேரும் ஒரு வாழைத்தாரும் நிற்கும்.

அதனால் இடிபடாமல் தப்பிக்கும் வித்தை எதுவும் என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கை போவதற்கு முன்னால் வாய் போக வேண்டும். தோளைப் பிடித்து நகர்த்தாதீர்கள், முதுகில் தட்டாதீர்கள், 'ஏனுங்க, சித்த வழி விடுங்க' என்று சொல்லிவிட்டு அரை நொடி காத்திருங்கள், அவராக நகர்வார். சண்டை போடும்போதுகூட 'ங்க' போட்டுப் பேசுகிற சனங்கள் நாம், கூட்டத்துக்குள் நுழைந்ததும் மட்டும் வாயை மூடிக்கொண்டு முழங்கையால் பேசுகிறோம்.

பஸ்ஸில் முதல் எதிரி முதுகுப் பை. அது முதுகில் இருக்கும்போது உங்கள் உடம்பு இன்னொரு முக்கால் அடி நீளம் என்பது உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு அப்பத்தா. கண்டக்டர் கூப்பிட்டாரே என்று நான் வெடுக்கென்று திரும்ப, பைக்குள் இருந்த டிபன் டப்பா அவர் மூக்குக் கண்ணாடியில் போய் இடித்தது. 'ஏங்கண்ணு, அதை முன்னால திருப்பிப் போட்டா கொறஞ்சா போயிருவ?' என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து படியில் கால் வைக்கும்போதே பை நெஞ்சுப் பக்கம் வந்துவிடும். இல்லையென்றால் உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுக்கலாம், நம் பஸ்களில் இருக்கிற அருமையான பழக்கம் அது. உட்கார்ந்திருப்பவரே 'பையைக் குடுங்க' என்று கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. ஆனால் மீன் பையையும், நனைந்த குடையையும், பத்துக் கிலோ அரிசியையும் அடுத்தவர் மடியில் வைக்காதீர்கள். பர்ஸும் செல்போனும் உங்களிடமே இருக்கட்டும். இறங்குவதற்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே வாங்கிக்கொண்டு 'வரனுங்க' என்றால் போதும்.

அப்புறம் கம்பி. உயரமானவர்கள் மேல்கம்பியைப் பிடித்தால் அக்குள் சரியாகக் குட்டையானவர் மூக்குக்கு நேராக வரும், அதுவும் சித்திரை மாத மத்தியானத்தில். முடிந்தால் சீட்டின் முதுகுக் கம்பியைப் பிடியுங்கள். அதிலும் ஒரு சங்கதி உண்டு: முன்சீட்டில் இருப்பவரின் சடையும் பூவும் அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கம் தொங்கும், பார்க்காமல் பிடித்தால் முடியோடு சேர்த்துப் பிடிப்பீர்கள். நிற்கும்போது முன்னால் இருப்பவரின் முதுகோடு நெஞ்சு ஒட்டும்படி நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்று, ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் வைத்துக்கொண்டால், பிரேக் போட்டாலும் யார் மேலும் சாய மாட்டீர்கள்.

படியில் நிற்கிறவர்கள் ஸ்டாப் வந்ததும் கீழே இறங்கி, இறங்குகிறவர்களை விட்டுவிட்டு ஏற வேண்டும். நாம் இறங்கினால் பஸ் போய்விடும் என்ற பயத்தில் படியிலேயே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற அம்மாவை நம் வயிற்றில் உரசிக்கொண்டு போக விடுவது என்ன பழக்கமோ. 'இறங்கி ஏறிக்கறனுங்க' என்று ஒரு சத்தம் கொடுத்தால் கண்டக்டர் விசில் அடிக்க மாட்டார்.

டிக்கெட் காசு கைமாறி வரும்போது ஸ்டாப் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வருவது யார் டிக்கெட் என்றே தெரியாது. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்தில் இருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதைச் சாக்காக வைத்து 'ஓசிதானே, நின்னுட்டு வரட்டும்' என்று காதில் விழும்படி முனகுகிறவர்கள் காலை மிதிப்பதை விட மோசம்.

கால் என்றதும் ஞாபகம் வருகிறது. தெரியாமல் யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நமக்கு ரத்தத்தில் ஊறியது. நல்ல பழக்கம்தான், ஆனால் நெரிசலில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் காலை நோக்கிக் குனிந்தால் அவர் பயந்துதான் போவார். கையை உங்கள் நெஞ்சில் வைத்து 'தெரியாம பட்டுருச்சுங்க' என்றால் அவருக்குப் புரியும்.

தெரியாமல் படுவதும் தெரிந்தே படுவதும் வேறு என்பது பட்டவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு பெண் முகம் மாறி விலகி விலகி நிற்பதைப் பார்த்தால், அந்த ஆளிடம் வீரம் காட்டுவதற்கு முன்னால் 'இங்க வந்து நில்லுங்க அம்மிணி' என்று இடம் கொடுங்கள், அப்புறம் கண்டக்டரைக் கூப்பிடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, ரயிலில் 139, எங்கே என்றாலும் 112.

போனில் ஸ்பீக்கர் போட்டு ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு இயர்போன் வாங்குங்கள் என்று சொல்வதைத் தவிர வேறொன்றும் இல்லை.

கல்யாண மண்டபத்துக்கு வருவோம். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவர் ரசத்துக்குப் போனாரா மோருக்குப் போனாரா என்று எண்ணுகிற வேலையை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம், நானும்தான். பிடரியில் ஒருவர் மூச்சு விட்டால் பாயசம் எப்படி இறங்கும்? சுவரோரமாக நில்லுங்கள், இலையை மடிக்கும் வரை கிட்டே போகாதீர்கள், கைக்குட்டை போட்டு இடம் பிடிக்காதீர்கள். வயசானவரோ சர்க்கரைக்காரரோ கூட இருந்தால் பந்தி விசாரிக்கிறவரிடம் சொல்லுங்கள், அவரே ஒரு ஓரத்தில் உட்கார வைத்துவிடுவார்.

ரேஷன் கடையோ ஆஸ்பத்திரி சீட்டுப் போடுகிற இடமோ, வரிசையில் ஒட்டி நிற்பதற்குக் காரணம் பயம்தான், இடைவெளி விட்டால் ஒருவர் நுழைந்துவிடுவார். அதற்கு என் வழி, அரை அடி விட்டு, பையை அந்த இடைவெளியில் முன்னால் வைத்துக்கொண்டு கொஞ்சம் கோணலாக நிற்பது. யாரும் நுழைய மாட்டார்கள், முன்னால் இருப்பவருக்கும் மூச்சு விட இடம் இருக்கும். நடுவில் வெளியே போவதென்றால் பின்னால் இருப்பவரிடம் 'நம்ம எடத்தைச் சித்த பாத்துக்கங்க' என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனவர் ஒருவர் என்றால் திரும்பி வருவதும் ஒருவராகவே இருக்க வேண்டும், மூன்று ஒறம்பரையோடு வரக்கூடாது.

கடைசியாகப் பெருங்கூட்டம். தைப்பூசத்துக்குப் பழனி, பங்குனியில் பண்ணாரி குண்டம், மாசியில் கோனியம்மன் தேர். இங்கே இது மரியாதைப் பிரச்சினை மட்டும் இல்லை. 2025 செப்டம்பரில் கரூரில் நெரிசலில் 41 பேர் போனதற்குப் பிறகு, கூட்டத்தில் தள்ளுகிற யாரைப் பார்த்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்தால் தனி ஆளின் கால் அவர் சொன்னபடி கேட்காது, கூட்டமே தண்ணீர் மாதிரி அலைமோதும், பின்னால் ஒருவர் தள்ளியது இருபது பேர் தாண்டி முன்னால் போய் நெஞ்சை அழுத்தும். பின்னால் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் கூட்டம் நகரவில்லை என்றால் தள்ளாதீர்கள். உங்களை அழுத்தினால் இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் அணை கட்டிக்கொள்ளுங்கள், செருப்போ செல்போனோ விழுந்தால் விழட்டும், குனியாதீர்கள். எதிர்த்து நிற்காமல், அலை ஓய்கிற நேரமாகப் பார்த்துக் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள்.

நோம்பிக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனால் கையைப் பிடித்து நடத்தாமல் தூக்கிக்கொள்ளுங்கள், சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதிப் போடுங்கள். எல்லோரும் பிரிந்துவிட்டால் எங்கே வந்து சேர்வது என்பதை வண்டியை விட்டு இறங்கும்போதே சொல்லிவிடுங்கள். 'தேருக்குப் பக்கத்துல' என்று மட்டும் சொல்லாதீர்கள், தேர் நகர்ந்துவிடும்.