ரைட் சகோதரர்களின் கண்ணாடித் தகடுகள்: பார்க்கும்போதும் பகிரும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானத்தை உருவாக்கிய ரைட் சகோதரர்களில் இளையவர் ஆர்வில் ரைட் 1948 ஜனவரியில் காலமானார். அவரிடம் இருந்த 303 கண்ணாடித் தகடு நெகட்டிவ்கள் மறு ஆண்டே வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சகோதரர்களே பெரும்பாலும் எடுத்து, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் தங்கள் வீட்டு இருட்டறையில் கழுவிய படங்கள் அவை. இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பெரிய அளவில் இறக்கிப் பார்க்கலாம். வருடக்கணக்காக இந்தப் படங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். பகிர்பவர்கள் மறுபடி மறுபடி அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

முதல் தவறு, ஓரத்தை வெட்டுவது. 1903 டிசம்பர் 17, காலை 10.35 மணிக்கு எடுத்த, முதல் விமானப் பறப்பின் அந்தப் புகழ்பெற்ற படத்தையே எடுத்துக்கொள்வோம். விமானம் மட்டும் தெரிந்தால் போதும் என்று கீழ்ப்பகுதியை நறுக்கிவிடுகிறார்கள். முழுப் படத்தையும் திறந்து, மெதுவாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மணலில் கிடக்கும் மரத் தண்டவாளம், விமானம் கிளம்பும்வரை வலது இறக்கையைத் தாங்கி நின்ற சின்ன பெஞ்சு, எஞ்சினைக் கிளப்ப உதவிய காயில் பெட்டி, நடந்து நடந்து பதிந்த காலடித் தடங்கள், எல்லாம் அங்கே இருக்கின்றன. கீழ் இறக்கையில் ஆர்வில் குப்புறப் படுத்திருக்கிறார். வலப்பக்கம் கூடவே ஓடிவந்த அண்ணன் வில்பர் அப்போதுதான் கையை விட்டிருக்கிறார். 12 விநாடி, 120 அடி. அந்தக் காலையின் வேலை முழுவதும் ஓரங்களில்தான் இருக்கிறது.

அந்த வில்பரே இன்னொரு தவறுக்கும் சாட்சி. கண்ணாடித் தகட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு: ஒன்று வழவழவென்று மின்னும், மருந்து பூசிய பக்கம் மங்கலாக இருக்கும். பக்கம் மாற்றி ஸ்கேன் செய்தால் படம் இடவலமாகத் திரும்பிவிடும். இந்தப் படம் விமானத்தின் பின்பக்கத்திலிருந்து எடுத்தது. அதனால் வில்பர் நமக்கு வலப்பக்கம்தான் நிற்க வேண்டும். இடப்பக்கம் நின்றால் படம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

படத்தை எடுத்தவர் ஆர்வில் என்று எழுதுவதும் சகஜம். கேமராவை நிறுத்திக் குறிபார்த்து வைத்தது அவர்தான். கேமராவை இயக்கும் ரப்பர் பந்தை அழுத்தியது ஜான் டேனியல்ஸ், பக்கத்துக் கடலோர உயிர்காப்பு நிலையத்து ஊழியர். பரபரப்பில் அழுத்தினோமா இல்லையா என்பதே அவருக்கு நிச்சயமில்லை. டேட்டன் திரும்பித் தகட்டைக் கழுவிய பிறகுதான் சகோதரர்களுக்கே தெரிந்தது. உலகம் அந்தப் படத்தை அச்சில் பார்த்தது 1908-இல். மறுநாளே பத்திரிகைகளில் வந்தது போல் எழுதாதீர்கள்.

ஆண்டைத் தவறாகப் போடுவதுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. மணல் தெரிந்தாலே 1903, கிட்டி ஹாக் என்று எழுதிவிடுகிறார்கள். பறந்த இடமே வட கரோலினா கடலோரத்துக் கிட்டி ஹாக் ஊருக்குத் தெற்கே சுமார் நான்கு மைல் தள்ளி, கில் டெவில் ஹில்ஸ். அங்கே அவர்கள் 1900 முதலே எஞ்சின் இல்லாத கிளைடர் விட்டார்கள், 1908-லும் திரும்பி வந்தார்கள், 1911-இல் ஆர்வில் மறுபடி வந்தார். மணலை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள். 1900, 1901 கிளைடர்களுக்கு வாலே இல்லை. 1902 கிளைடருக்கு முதலில் அசையாத இரட்டை வால்துடுப்பு, பிறகு அசையும் ஒற்றைச் சுக்கான், அதாவது திசை திருப்பும் வால். 1903 விமானத்துக்கு எஞ்சினும் இரட்டைச் சுக்கானும். ஓட்டுபவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் 1908 அல்லது அதற்குப் பின். வேலியும் மரங்களும் சூழ்ந்த சமவெளி என்றால் பெரும்பாலும் டேட்டனுக்கு அருகில் உள்ள ஹஃப்மன் ப்ரேரி, 1904 அல்லது 1905. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன இறக்கைகளை வால் என்று நினைத்து, விமானம் எதிர்த்திசையில் போகிறது என்று எழுதியவர்களும் உண்டு. அது விமானத்தை ஏற்றி இறக்கும் பாகம், அந்தக் காலத்தில் முன்னால்தான் இருந்தது.

ஊகிக்க வேண்டிய தேவையும் அதிகம் இல்லை. ஒளி எவ்வளவு நேரம் விழுந்தது, எந்தத் தேதி, எந்த இடம், என்ன தகடு என்று அவர்களே குறிப்பேட்டில் எழுதிவைத்தார்கள். பரிசோதனைக் குறிப்பு போலவே படத்தையும் நடத்தியவர்கள். குறிப்பைப் பார்க்காமல் தலைப்பு வைக்காதீர்கள்.

கடைசியாக, சேதத்தைக் கணினியில் அழிப்பது. 1913 மார்ச்சில் டேட்டனைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. வில்பர் டைபாய்டில் இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வீட்டின் பின்கொட்டகையில் இருந்த தகடுகள் தண்ணீரில் கிடந்தன. மருந்துப் பூச்சு ஜெலட்டின் என்பதால் ஊறினால் உப்பி உரியும். முதல் பறப்புத் தகட்டிலும் கீழ் இடது மூலையில் கொஞ்சம் உரிந்துபோனது. அந்த மூலையை நிரப்பி அழகாக்கிய பிரதிகள் சுற்றுகின்றன. மெருகேற்றிய பிரதி வேண்டுமானால் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அசல் ஸ்கேனைத் தொடாதீர்கள்.

உங்கள் வீட்டிலோ ஊரின் பழைய ஸ்டுடியோவிலோ இப்படித் தகடுகள் இருந்தால், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்காதீர்கள். பாரத்தில் அடித்தகடு உடையும். ஒவ்வொன்றையும் அமிலமில்லாத காகித உறையில் போட்டு, நீளமான விளிம்பில் நிமிர்த்தி வையுங்கள். பருத்திக் கையுறை கண்ணாடியில் வழுக்கும், நைட்ரைல் கையுறை போதும். விவரத்தை உறைமேல் பென்சிலால் எழுதுங்கள், அதுவும் தகட்டை உள்ளே போடுவதற்கு முன்பே. மங்கலான பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது.