கணவரின் கடனுக்கு உங்கள் ரீஃபண்ட் போகாமல் இருக்க

அமெரிக்காவில் கணவனும் மனைவியும் சேர்ந்தே வரி ரிட்டர்ன் போடுவதுதான் வழக்கம். பெரும்பாலும் வரி குறையும், வேலையும் ஒரே தடவையில் முடிந்துவிடும். ஒருவர் பெயரில் பழைய பாக்கி இருந்தால்தான் வம்பு. 4,000 டாலர் ரீஃபண்ட் வரும், ஊருக்கு டிக்கெட் போடலாம் என்று காத்திருக்கும் வீட்டுக்கு, கருவூலத்துறையிலிருந்து ஒரு கடிதம் வந்து நிற்கும்: கணவரின் கல்விக் கடனுக்குப் பணத்தை எடுத்துக்கொண்டோம். அதில் பெரும்பகுதி மனைவியின் சம்பளத்தில் பிடித்த வரியாக இருக்கலாம்.

எல்லாக் கடனுக்கும் இப்படி நடக்காது. கிரெடிட் கார்டு பாக்கிக்காக வங்கி உங்கள் ரீஃபண்டில் கைவைக்க முடியாது. பழைய வரி பாக்கி, கட்டாமல் டிஃபால்ட் ஆன அரசுக் கல்விக் கடன், முதல் திருமணத்துக் குழந்தைக்குத் தரவேண்டிய பராமரிப்புத் தொகை போன்றவைதான் ஆபத்து. ஒழுங்காகத் தவணை கட்டிவரும் கல்விக் கடனைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

நிறையப் பேர் கோட்டைவிடுவது ஃபார்ம் 8379-ஐ. கடனுக்குச் சம்பந்தமில்லாத துணை, ரீஃபண்டில் தன் பங்கைக் கேட்டு வாங்கும் படிவம் இது. ‘இன்ஜுர்டு ஸ்பௌஸ்’ என்று பெயர்; அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள்! யார் சம்பளம் எவ்வளவு, யாரிடம் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று தனித்தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். பங்கு அதை வைத்துத்தான், சரிபாதி அல்ல. ரிட்டர்னுடனேயே வைத்து அனுப்பலாம். பணம் பிடிபட்ட பிறகும் அனுப்பலாம், பொதுவாக மூன்று வருடத்துக்குள். ஆன்லைனில் ரிட்டர்னோடு போனால் சுமார் 11 வாரம், காகிதத்தில் 14 வாரம் ஆகும். ஒரு தடவை போட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், வருடாவருடம் புதிதாகப் போட வேண்டும்.

ஃபார்ம் 8857 வேறு சங்கதி. ஜாயின்ட் ரிட்டர்னில் துணை வருமானத்தை மறைத்து, அந்த வரி உங்கள் தலையிலும் விழுந்தால், அதிலிருந்து விடுவிக்கக் கேட்கும் படிவம் அது. சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் முழு வரிக்கும் இருவருமே பொறுப்பு.

“எதற்கு வம்பு, தனித்தனியாகவே போட்டுவிடலாம்” என்று கணக்குப் பார்க்காமல் முடிவெடுப்பதும் தவறு. கல்விக் கடன் வட்டிக் கழிவு, படிப்புச் செலவுக்கான வரிச் சலுகை எல்லாம் போய்விடும். ஆனால் வருமானத்தைப் பார்த்துத் தவணை போடும் கல்விக் கடன் திட்டத்தில் இருப்பவருக்கு, தனியாகப் போட்டால் மாதத் தவணை குறையலாம். இரண்டு விதமாகவும் ஏப்ரல் 15-க்குள் கணக்குப் போட்டுப் பாருங்கள். கெடு தாண்டிவிட்டால், சேர்ந்து போட்டதைத் தனியாக மாற்ற முடியாது.

கலிஃபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன் உட்பட 9 மாநிலங்களில் திருமணத்துக்குப் பின் வந்த சம்பளம் பொதுவாக இருவருக்கும் சொந்தம். அங்கே 8379 போட்டாலும் பங்கு அந்த மாநிலச் சட்டப்படிதான் பிரியும், நினைத்ததைவிடக் குறைவாகவே கைக்கு வரலாம். அப்புறம், ரீஃபண்டே பெரிதாக வராதபடி சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் டபிள்யூ-4 படிவத்தை ஆபீசில் மாற்றிக் கொடுத்துவிட்டால், பிடித்துக்கொள்ள அங்கே அதிகம் இருக்காது.