ரெட்டினாயிக் அமிலமும் எச்.எல்-60 உயிரணுவும்: சமிக்ஞைப் பாதையைச் சோதிக்கும் முறை

கோலாலம்பூர் ஆய்வகங்களில் இறுதியாண்டு ஆய்வைத் தொடங்கும் நம் மாணவர்கள் பலர், உயிரணு முதிர்ந்ததைக் காட்டிவிட்டால் அதற்கான சமிக்ஞைப் பாதையையும் (உயிரணுவுக்குள் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிச் செய்தி கடத்தும் தொடரையும்) காட்டியாயிற்று என்று எண்ணிவிடுகிறார்கள். இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவதற்கு விடை காண, பாதையை அடைத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

முதலில் உயிரணுவை அறிந்து தேர்ந்தெடுங்கள். 1988-இல் ஷாங்ஹாய் மருத்துவர்கள், கடும் புரோமைலோசைட்டிக் இரத்தப் புற்றுநோய் கொண்ட 24 பேருக்கு வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம் கொடுத்துப் பெற்ற வெற்றியை வெளியிட்டனர். அந்நோய்க்குக் காரணமான பி.எம்.எல்-ஆர்.ஏ.ஆர் ஆல்ஃபா இணைவுப் புரதம் என்.பி.4 உயிரணுவில் உண்டு, எச்.எல்-60-இல் இல்லை (இரண்டும் இரத்தப் புற்றுநோயாளிகளிடமிருந்து பெற்று ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிரணு வகைகள்). ஆகவே எச்.எல்-60-இல் கிடைக்கும் முடிவை, அமிலம் அந்த இணைவுப் புரதத்தைச் சிதைத்ததால் விளைந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்து கரைப்பான். இதில்தான் உழைப்பு மிகுதியாக வீணாகிறது. வழக்கமான கரைப்பானாகிய டி.எம்.எஸ்.ஓ ஏறத்தாழ 1.25 விழுக்காட்டில் தானாகவே எச்.எல்-60-ஐ முதிரச் செய்யும். எனவே அமிலத்தை எத்தனாலில் கரையுங்கள்: 3 மில்லிகிராமை 10 மில்லிலிட்டரில் கரைத்தால் 1 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும், அதை வளர்ப்பு ஊடகத்தில் ஆயிரம் மடங்கு நீர்த்தால் வேண்டிய 1 மைக்ரோமோலார். ஒளி பட்டால் அமிலம் சிதையும் என்பதால் குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி, பாதுகாப்புப் பெட்டியின் விளக்கை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

உயிரணுக்களை மில்லிலிட்டருக்கு 2 இலட்சம் என்ற அடர்த்தியில் திங்கட்கிழமை காலையில் தொடங்குவது நல்லது. செந்தூலிலிருந்து எல்ஆர்டி ரயில் பிடித்து வரும் மாணவர் வார இறுதியில் ஆய்வகத்திற்கு ஓடிவர வேண்டியிராது. முதிர்ச்சியைக் காட்டும் மேற்பரப்புப் புரதங்களான சி.டி.38-ஐச் செவ்வாயன்றும் சி.டி.11பி-யைப் புதனன்றும், உயிரணுக்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் அளவிடலாம். வியாழனன்று, அதாவது 72 மணி நேரத்தில், ஜி1/ஜி0 கட்டத்தில் (டி.என்.ஏ-வை நகலெடுப்பதற்கு முந்தைய கட்டம்) பெருக்கம் நின்றுள்ளதா என்பதையும், தூண்டினால் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடும் ஆற்றல் வந்துள்ளதா என்பதையும் பாருங்கள். மேற்பரப்பு அடையாளம் மட்டும் முதிர்ச்சி ஆகாது. செயலாற்றும் உயிரணுவே முதிர்ந்த உயிரணு.

இனி சமிக்ஞை. ராஃப், மெக், இ.ஆர்.கே என்னும் புரதங்கள் வரிசையாக ஒன்று அடுத்ததன்மேல் பாஸ்பேட் ஏற்றித் தூண்டும் தொடர் இங்கு முக்கியமானது. வளர்ச்சிக் காரணிகள் தூண்டும்போது பெரும்பாலும் சிறிது நேரமே எரிந்து அணையும் இ.ஆர்.கே, ரெட்டினாயிக் அமிலத்தின்கீழ் நீடித்துச் செயல்படுகிறது. புதிய சீரம் ஊற்றினாலே இ.ஆர்.கே தற்காலிகமாகத் தூண்டப்படும். ஆதலால், அமிலம் சேர்க்காமல் எத்தனால் மட்டும் சேர்த்த கட்டுப்பாட்டை ஒவ்வொரு நேரப் புள்ளியிலும் தனித்தனியே வையுங்கள். உயிரணுவைப் பனிக்கட்டியில் வைத்து, பாஸ்பட்டேஸ் (பாஸ்பேட்டை அகற்றும் நொதி) தடுப்பான் கலந்த கரைசலில் உடைத்து, பாஸ்பேட் ஏறிய இ.ஆர்.கே-யையும் மொத்த இ.ஆர்.கே-யையும் ஒரே மாதிரியிலிருந்து வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் முறை) ஒப்பிடுங்கள்.

பட்டை கருத்திருப்பது உடன்நிகழ்வை மட்டுமே சொல்லும். 1998-இல் ஆண்ட்ரூ யென் குழுவினர் மெக்கைத் தடுக்கும் பி.டி.98059-ஐக் கொண்டு பாதையை அடைத்தபோது, முதிர்ச்சியும் பெருக்க நிறுத்தமும் தடைபட்டன. நீங்களும் தடுப்பானை அமிலத்திற்கு முன்பே சேருங்கள். ஆனால் அத்தடுப்பானைக் கரைப்பது பெரும்பாலும் டி.எம்.எஸ்.ஓ-வில்தான், ஆகவே தடுப்பான் இல்லாத குழாய்களிலும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ இருக்கட்டும், மொத்தம் 0.1 விழுக்காட்டைத் தாண்டாதிருக்கட்டும். தடுப்பான் மட்டும் சேர்த்த குழாயில் இறந்த உயிரணுக்களில் மட்டும் ஏறும் டிரைபன் புளூ சாயமிட்டு உயிருள்ளவற்றை எண்ணுங்கள். அங்கே உயிரணுக்கள் இறந்துகொண்டிருந்தால், சி.டி.11பி குறைந்ததற்குப் பாதை அடைபட்டதே காரணம் என்று சொல்ல இயலாது; தடுப்பானின் அளவைக் குறைத்து, அந்த அளவிலும் இ.ஆர்.கே அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் தொடங்குங்கள்.