நன்றாக ஓடும் விளம்பரத்துக்கு பட்ஜெட் ஏற்றும்போது

ஆர்டர் வரத் தொடங்கியதும் ஒரே நாளில் பட்ஜெட்டை மூன்று மடங்காக்கிவிடாதீர்கள். ஃபேஸ்புக்கில் அப்படித் திடீரென ஏற்றினால் அந்த ஆட் செட் (ஒரே பட்ஜெட், ஒரே ஆடியன்ஸில் ஓடும் விளம்பரத் தொகுப்பு) மறுபடி கற்றல் கட்டத்துக்கு, அதாவது யாருக்குக் காட்டினால் ஆர்டர் வரும் என்று ஃபேஸ்புக் தேடிப் பார்க்கும் கட்டத்துக்கு, போய்விடலாம். அதிலிருந்து வெளியே வர 7 நாளில் சுமார் 50 ஆர்டர் வேண்டும். சின்னக் கடைக்கு அது பெரிய எண்ணிக்கை! அதுவரை ஒரு ஆர்டருக்கான செலவு தாறுமாறாக ஏறி இறங்கும்.

3, 4 நாளுக்கு ஒருமுறை 20 சதவீதம் போதும்: 500 என்றால் 600, அப்புறம் 720. இடையில் படம், வாசகம், ஆடியன்ஸ் எதையும் தொடாதீர்கள். புதுப் படத்தைச் சோதிக்கத் தனி ஆட் செட் போடுங்கள். ஃப்ரீக்வென்சி (ஒருவர் சராசரியாக எத்தனை முறை விளம்பரத்தைப் பார்த்தார் என்ற எண்) ஏற ஏற கிளிக் விகிதம் இறங்குகிறதா? பார்த்தவர்களே திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். அங்கே பணம் கூட்டிப் பயனில்லை, படத்தை மாற்றுங்கள். ஒரு ஆர்டரில் நிற்கும் லாபத்தை அதன் விளம்பரச் செலவு தாண்டினால் முந்தைய தொகைக்கே இறங்கிவிடுங்கள்.