கூட்டணிக்குப் போகும் பசுமைக் கட்சி: சேலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் பசுமை அரசியலுக்கு வேலை இல்லாமல் இல்லை. திருமணிமுத்தாற்றில் கழிவு ஓடுகிறது. சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்கு 2018-ல் நிலம் அளந்து கல் நட்டபோது விவசாயிகள் பட்ட பாட்டை மாவட்டமே பார்த்தது. ஆனாலும் இங்கே ஒரு சின்னக் கட்சி தனியாக நின்றால் டெபாசிட் மிஞ்சுவது கஷ்டம். அதனால் கூட்டணிக்குப் போவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். போகிற விதத்தில்தான் கட்சியே கரைந்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சின்னத்தை விட்டுக்கொடுப்பது. "எங்க சின்னத்துல நில்லுங்க, ஜெயிச்சிடலாம்" என்பார்கள். ஜெயிக்கவும் கூடும். ஆனால் உதயசூரியனிலோ இரட்டை இலையிலோ ஜெயித்தவர் சட்டமன்றத்தில் அந்தக் கட்சியின் உறுப்பினர். சுரங்கத்துக்கு ஆதரவாகக் கொறடா உத்தரவிட்டால் மீறமுடியாது. மீறினால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவி போய்விடும். வாங்கிய ஓட்டும் பெரிய கட்சியின் கணக்கில்தான் சேரும், தேர்தல் ஆணையத்திடம் உங்கள் கட்சி பெற வேண்டிய அங்கீகாரத்துக்கு உதவாது. 2019-ல் சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்று 3,219 ஓட்டில்தான் கரையேறினார். அந்தத் துணிச்சல் வீண்போகவில்லை. 2024-ல் விடுதலைச் சிறுத்தைகள் இரண்டு தொகுதிகளையும் பானையிலேயே வென்று, மாநிலக் கட்சி அங்கீகாரத்தையும் பெற்றார்கள்.

அப்புறம், எப்போது வெளியேறுவோம் என்று முடிவு செய்யாமல் உள்ளே போவது. ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில் 1985-ல் பசுமைக் கட்சி சமூக ஜனநாயகக் கட்சியோடு ஆட்சியில் சேர்ந்தது. யோஷ்கா ஃபிஷர் சுற்றுச்சூழல் அமைச்சரானார். ஹனாவ் அணு எரிபொருள் ஆலைக்கான அனுமதியில் 1987-ல் கூட்டணி உடைந்தது. அடுத்த தேர்தலில் பசுமைக் கட்சியின் ஓட்டு கூடியது. அயர்லாந்தில் நடந்தது வேறு. 2007-ல் ஆறு இடங்களோடு அரசில் சேர்ந்த பசுமைக் கட்சி, பொருளாதாரம் சரிந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்து கடைசி நேரத்தில் விலகியது. 2011 தேர்தலில் ஆறும் போயின. இங்கேயும் எட்டு வழிச் சாலையை எதிர்த்து பாமகவின் அன்புமணி வழக்குப் போட்டார்; 2019 தேர்தலில் அவருடைய கட்சி, சாலையைக் கொண்டுவந்த அதிமுகவோடு சேர்ந்தது. நிலத்தில் கல் நடப்பட்டவர் கேள்வி கேட்கத்தானே செய்வார்? ஆகவே எந்த ஒரு விஷயம் நடந்தால் விலகுவோம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, ஊருக்கும் சொல்லிவிட வேண்டும்.

தொகுதி கேட்பதிலும் அவசரம் கூடாது. மலையைக் காக்கிறோம், ஏற்காட்டைக் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றும். அது பழங்குடியினர் தனித்தொகுதி. மலைவாழ் மக்களிலிருந்தே ஒரு தலைவர் வளராமல் அங்கே நிற்க ஆளிருக்காது. அதோடு ஓட்டில் பெரும்பங்கு மலையில் இல்லை, கீழே வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கம் இருக்கிறது.

உள்ளாட்சியைத் தாண்டிக் குதிப்பதும் வேண்டாம். ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பது. ஏரியைத் தூர்வார வைத்தவர் அங்கே யாருடைய தயவும் இல்லாமல் ஜெயிக்க முடியும். அப்படி நாலு ஊராட்சியைக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போனால், சொந்தச் சின்னம் கேட்கும்போது மறுப்பது பெரிய கட்சிக்குச் சுலபமாக இருக்காது.