கழற்றிய ஊசியின் அளவு மறக்காமலிருக்க

தடித்த துணித் துண்டொன்றில் 11, 14, 16 எனக் கட்டங்கள் வரைந்து, தையல் இயந்திரத்திலிருந்து கழற்றும் ஊசியை உடனே அதற்குரிய கட்டத்தில் குத்தி வைத்துவிட்டால், அடுத்த முறை அளவைத் தேடி நேரம் வீணாகாது. ஊசியின் தண்டில் அளவு பொறிக்கப்பட்டிருந்தாலும் அந்த எழுத்து மிகப் பொடியானது. 11-ஆம் எண் ஊசி 0.75 மில்லிமீட்டர், 14-ஆம் எண் ஊசி 0.9 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை என்பதால் கண்ணளவில் பிரித்தறிவதும் கடினம். பனியன் போன்ற இழுபடும் துணிகளுக்கான உருண்டைமுனை ஊசிகளுக்குத் தனிக் கட்டம் கட்டாயம் வேண்டும், ஏனெனில் அவற்றின் முனை வேறுபாடு வெறும் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. மழுங்கிய அல்லது வளைந்த ஊசியை இவ்வாறு சேமிக்கக் கூடாது. ஈரப்பதம் மிகுந்த அறையிலும் இம்முறை ஏற்றதன்று. துணி ஈரத்தை உறிஞ்சுவதால் ஊசி துருப்பிடிக்கும்.