இட்லிப் பானைக்குள் இருந்த காற்றுக்கு வாடகை கொடுத்தேன்

பாரிமுனையில் வாங்கும் எவர்சில்வர் பாத்திரங்களையும் இரும்பு தோசைக்கல்லையும் இணையம் வழியே சிங்கப்பூருக்கு விற்கிறேன். சென்ற முறை கப்பல் கட்டணம் லாபத்தையே விழுங்கிவிட்டது. பில்லை வரி வரியாகப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. பிறர் சரக்கோடு பங்கு போட்டு அனுப்பும்போது, கன மீட்டரா டன்னா, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். என் 24 பெட்டிகள் 900 கிலோதான். ஆனால் அளவு 3.6 கன மீட்டர்!

வீட்டுக் கூடத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். பெரிய பானைக்குள் சின்னது, அதற்குள் டம்ளர்கள், இடையில் பழைய செய்தித்தாள். இரண்டு நாள் முதுகு ஒடிந்தது. அதே சரக்கு 14 பெட்டிகளில் அடங்கியது: 2.1 கன மீட்டர்.

சுங்கத்தில் இன்னொரு சிக்கல். இன்வாய்ஸில் எல்லாவற்றையும் 'சமையல் பாத்திரங்கள்' என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். விளக்கம் கேட்டார்கள், சரக்கு கிடங்கிலேயே தங்கியது, வாடகை ஏறியது. பொருளின் வகையைச் சொல்லும் சுங்கக் குறியீட்டு எண் (HS) எவர்சில்வருக்கு 7323.93, எனாமல் பூசாத வார்ப்பிரும்புத் தோசைக்கல்லுக்கு 7323.91 என இப்போது தனித்தனி வரிகள், தனித்தனி எடை, விலை. அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் பொது என்பதால் அங்கே இறக்குபவருக்கும் அதே தாள் உதவுகிறது.

சிங்கப்பூரில் 9% ஜி.எஸ்.டி. கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின் மீது விழுகிறது. அதையும் கூட்டிய பிறகே இப்போது விலை போடுகிறேன்.